தெருவில் இருப்பவர்களுக்கு ஒரு வீடு: கேள்வி பதில்

மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் வாழ்பவர்களோடு களப்பணி செய்கிறேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா பல மாதமாக இருக்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். போலீசுக்குச் சொன்னால் லாக்கப்பில் போட்டுவிடுவார்களா அக்கா?

போடக் கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-வது பிரிவைச் சொல்லியே கேளுங்கள். இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க அனுமதியே இல்லை. ஆலோசனை வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், இலவசம்.

சாப்பாடு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், காப்பகத்துக்குக் கூப்பிட்டால் கத்துகிறார். ஏன் மேடம்?

தெருவில் படுக்கும் பெண்ணை ராத்திரியில் தொட்டு எழுப்பியவர்களில் நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாலு பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றினால் பழைய பயம் அத்தனையும் கிளம்பிவிடும். சற்றுத் தள்ளி, அவர் கண்ணில் படும்படி உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் தன் பெயரைச் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாளும் அதே நேரத்துக்குப் போங்கள். மூட்டையை மட்டும் தொடாதீர்கள். உள்ளே மகனின் போட்டோ இருக்கலாம், கிழிந்த ரேஷன் கார்டு இருக்கலாம்.

காப்பகத்துக்கு வந்த பிறகும் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். வந்தவுடன் தலையை ஒட்ட வெட்டிக் குளிப்பாட்டுவதைச் சேவை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சிக்குப் பிடித்த முடியைத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பொறுமையாகப் பிரிக்கலாம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கையில் கண்ணாடியைக் கொடுத்து, எவ்வளவு என்று கேட்டு வெட்டலாம். கதவோரம்தான் படுப்பேன், லைட்டை அணைக்காதே என்றால் அப்படியே விடலாம். என்ன நடந்தது என்று அவரே சொல்ல ஆரம்பிக்கும்வரை துருவ வேண்டாம்.

காப்பகம் இருக்கும்போது தனியாக வீடு எதற்கு?

காப்பகம் அவசரத்துக்கு. அங்கேயே பத்து வருஷம் கிடந்தால் மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்றாகிவிடும். சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய தி பான்யன் என்ற தொண்டு நிறுவனம், 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ நடத்துகிறது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, ஒத்துப்போகும் நாலைந்து பேர், தேவைக்கேற்ப உதவ ஒரு பணியாளர். இன்றைக்கு ரசமா சாம்பாரா, யார் கடைக்குப் போவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

முழுசாகக் குணமான பிறகு வீடு கொடுக்கலாமே?

வீடில்லாதவர் மாத்திரையை எங்கே வைப்பார்? எங்கே நிம்மதியாகத் தூங்குவார்? 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், முதலில் குணமாக வேண்டும், சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை போடாமல் வீட்டைக் கொடுத்தார். சிகிச்சை கூடவே நடந்தது.

குடும்பத்தைத் தேடி ஒப்படைப்பதுதானே முறை, அக்கா?

போக ஆசைப்பட்டால் தேடிக் கொடுக்கத்தான் வேண்டும். அடி தாங்காமல் ஓடிவந்த வீடென்றால் அங்கே அனுப்பாதீர்கள், திரும்பத் தெருவுக்குத்தான் வருவார். குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அதே 2017 சட்டத்தின் 19-வது பிரிவு. குழு இல்லம் போன்ற ஏற்பாடுகளைச் செய்வது அரசின் பொறுப்பு. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று உண்டா என்று கலெக்டர் அலுவலகத்தில், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில், மனு கொடுத்துக் கேளுங்கள்.