மகளின் லேப்டாப்புக்கு எந்த ஆபீஸ் மென்பொருள்? கார்டு பாக்கியை முதலில் பாருங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் குடியிருக்கிறோம். பர்கூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை, கைக்கு வருவது 24,000 ரூபாய். மகள் அரசுக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். லேப்டாப்பை என் தம்பி வாங்கிக் கொடுத்துவிட்டான். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் சந்தா தனி ஆளுக்கு ஆண்டுக்கு 6,900, குடும்பத் தொகுப்பு 8,200 என்கிறார்கள். தொகுப்பை ஆறு பேர் பயன்படுத்தலாமாம். "அதையே வாங்குங்க அண்ணி, எங்க பசங்களும் சேர்ந்துக்குவாங்க, பங்கு கொடுத்துடறோம்" என்கிறார் நாத்தனார். என் கிரெடிட் கார்டில் போட்டுவிடலாமா? ஃப்ரிட்ஜும் கல்யாணச் செலவும் சேர்ந்து கார்டில் 31,000 நிற்கிறது. மாதம் குறைந்தபட்சத் தொகையாக 1,700 தவறாமல் கட்டி வருகிறேன். கடையில் 500 ரூபாய்க்கே ஆயுள் கீ (ஆபீஸை நிரந்தரமாக இயக்கும் எண்) கிடைக்கும் என்கிறாள் தம்பி மகள். எதை வாங்குவது?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். மென்பொருளுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது "தவறாமல் கட்டி வருகிறேன்" என்ற வரிதான்.

குறைந்தபட்சத் தொகை கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, சிபில் கடன் மதிப்பெண்ணில் தவணை தவறியதாகப் பதிவாகாது. வட்டி நிற்காது. பெரும்பாலான கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 31,000-க்கு அது 1,085 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 195. ஆக 1,280 ரூபாய் வட்டிக்கே போகிறது. நீங்கள் கட்டும் 1,700-ல் அசலில் குறைவது 420 மட்டும். இதே 1,700-ஐ விடாமல் கட்டினாலும் கடன் தீர 35 மாதம் ஆகும், கையை விட்டுப் போவது ஏறத்தாழ 59,000. பாக்கி குறையக் குறைய பில்லில் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும். அதன்படியே கட்டினால் இன்னும் இழுக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாக்கி நிற்கிற கார்டில் புதிதாக எதை வாங்கினாலும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். 8,200 ரூபாய்த் தொகுப்பு மாதம் சுமார் 340 ரூபாய் தின்னும். ஒரு வருடம் அப்படியே நின்றால் அதன் உண்மை விலை 12,000-ஐத் தாண்டிவிடும்.

வீட்டில் ஒரு சவரனோ அரை சவரனோ சும்மா இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்துக் கார்டை ஒரே தடவையில் அடையுங்கள். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி 310. அதே 1,700-ஐக் கட்டினால் 20, 21 மாதத்தில் முடியும், மொத்தம் 35,000-க்குள். நகைக்கடன் வழக்கமாக ஒரு வருடத் தவணை. நடுவில் அசல் கட்டினால் வரவு வைப்பார்களா என்று வைக்கும்போதே கேளுங்கள். வருட முடிவில் மீதித் தொகைக்குத் திருப்பி வைக்கலாம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக் கடைக்குப் போகாதீர்கள், அது கார்டுக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

இனி மென்பொருள். முதலில் லேப்டாப் பில்லைப் பாருங்கள். "எம்.எஸ்.ஓ. 21" அல்லது "24" என்று இருந்தால் ஆபீஸ் ஏற்கெனவே விலையில் சேர்ந்தே வந்திருக்கிறது. மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக ஆறு மாதம். தள்ளிப்போடாதீர்கள். இதையும் "ஒரு வருடம் இலவசம்" என்று வரும் சந்தாவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முடியும் நாளில் பணம் கேட்கும். இரண்டாவதாக, கல்லூரி தரும் மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா என்று மகளைக் கேளுங்கள். கல்லூரி பதிவு செய்திருந்தால் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றையும் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். சாதாரண மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் இணைய வேர்டு இலவசம்தான், சேமிக்க 5 ஜிபி இடம் உண்டு.

இவை எதுவும் இல்லையென்றாலும், நெட் கிடைக்காத நேரத்துக்கும், லிப்ரேஆபீஸ் என்ற மென்பொருள் போதும். முற்றிலும் இலவசம். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவியதும் ஒரு வேலை இருக்கிறது: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய், எழுத்துக் கோப்புக்கு வேர்டு வடிவையும், கணக்குத் தாளுக்கு எக்செல் வடிவையும், ஸ்லைடுக்கு பவர்பாயின்ட் வடிவையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் லிப்ரேஆபீஸின் சொந்த வடிவில் (.odt) சேமித்து அனுப்பிவிட்டுத்தான் "சார் கம்ப்யூட்டரில் சரியாகத் திறக்கவில்லை" என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோகும்போது பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோகட்டும். எழுத்துரு மாறிப் பக்கம் நகர்கிற தொல்லை இருக்காது. தமிழில் டைப் செய்வதாக இருந்தால் யூனிகோடிலேயே செய்யட்டும். பாமினியில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

பி.காம். முதலாண்டுக்கு வேண்டிய சம், இஃப், வி-லுக்அப், பிவட் டேபிள் எல்லாம் லிப்ரேஆபீஸில் இருக்கின்றன. எக்செல் மேக்ரோ எழுதுவது, பவர் குவெரி போன்றவற்றுக்கு உண்மையான எக்செல் வேண்டும். அந்தப் பாடம் வரும்போது கல்லூரி லேபில் பழகலாம். வேலைக்குத் தேவை என்றால் கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது சந்தா விலையில் ஏஐ உதவியும் சேர்ந்து வருகிறது. ஜர்னல் என்ட்ரி போடக் கற்கிற பெண்ணுக்கு அதற்காகப் பணம் கட்டத் தேவையில்லை.

500 ரூபாய் கீயைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் ஏதோ நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்தைப் பிய்த்து விற்கிறார்கள், எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இதை ஓட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் இன்னும் மோசம். அதே லேப்டாப்பில்தான் நாளை வங்கிக் கணக்கையும் திறப்பீர்கள்.

நாத்தனார் விஷயம். குடும்பத் தொகுப்பில் பணம் எடுப்பது ஒரே ஒரு கார்டில், உங்களுடையதில். ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த வருடங்களில் ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ளும். 24 மணி நேரம் முன்பு ஒரு குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான். முதல் வருடம் பங்கு வரலாம். அதற்குள் அவர் பிள்ளைகளின் படங்களும் பாடங்களும் தொகுப்போடு வரும் இணையச் சேமிப்பிடத்தில் ஏறியிருக்கும். இரண்டாம் வருடம் நீங்கள் நிறுத்தினால் "எங்க ஃபைலெல்லாம் போச்சு" என்று பழி உங்கள் மேல் வரும். "எங்க பொண்ணுக்கு இலவசமாவே போதும்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லி, லிப்ரேஆபீஸையே அவர்கள் பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கார்டு பாக்கி அடைந்த அன்றே வங்கிக்குச் சொல்லி வரம்பை 15,000-க்குக் குறையுங்கள். வரம்பு அப்படியே இருந்தால் ஆறு மாதத்தில் நகைக்கடனும் இருக்கும், கார்டு கடனும் இருக்கும். அதன்பின் மாதாமாதம் பில் தொகை முழுவதையும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள்.