விலைச்சீட்டை மறைத்து அணிந்த பிளேசர்: இளவேனில் உடைகள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: இளவேனிலுக்கு ஏற்றது என்று வெளிர் மணல் நிறத்தில் ஒரு லினன் பிளேசரை இணையத்தில் வாங்கினேன். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற எண்ணத்தில் விலைச்சீட்டைக் கழற்றாமல் உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, நண்பர்களின் மாலைச் சந்திப்பு ஒன்றுக்கு அணிந்து சென்றேன். வீடு திரும்பிப் பார்த்தால் கழுத்துப் பட்டையில் முகப்பூச்சு ஒட்டியிருக்கிறது. 'பெட்டியைப் பிரித்தபோதே கறை இருந்தது' என்று எழுதி அனுப்பினால் பணம் கிடைத்துவிடும் என்றும், அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு நட்டமே அல்ல என்றும் என் தோழி சொல்கிறாள். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். திருப்பி அனுப்பும் வசதி என்பது, கடையின் உடை மாற்றும் அறைக்குள் நாம் என்ன செய்வோமோ அதை வீட்டில் செய்து பார்ப்பதற்காகத் தரப்படுவது. தோள் பொருந்துகிறதா, கை நீளம் சரியா, திரையில் கண்ட நிறமும் கையில் உள்ள நிறமும் ஒன்றா என்று கண்ணாடி முன் நின்று பார்க்கும் வரை அது சோதனை. ஒரு மாலை முழுவதும் அணிந்து நடமாடிவிட்டால் அது பயன்பாடு. கறை அந்தப் பயன்பாட்டில் நேர்ந்தது என்பது உங்களுக்கே தெரியும்போது, அதை விற்றவர் மேல் சுமத்தி எழுதுவது பொய்ப் புகார்தான்.

'பெரிய நிறுவனம்' என்ற வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன், ஒருமுறையும் ஏற்றதில்லை. திரும்பி வரும் உடையை யாரோ ஒருவர் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து, மறுபடி பொதி கட்ட வேண்டியிருக்கிறது. கறை படிந்தது புதிய உடையாக விற்பனைக்குப் போகாது, தள்ளுபடிக்கோ குப்பைக்கோதான் போகும். அந்தச் செலவு மெல்ல விலையில் ஏறுகிறது, திருப்பி அனுப்பும் விதிகள் இறுகுகின்றன, கடைசியில் உண்மையிலேயே தையல் பிரிந்த உடை வந்து சேர்ந்த ஒருவர் புகார் எழுதும்போது அவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை உருவாகிறது. உங்கள் பொய்யின் விலையைக் கொடுக்கப் போகிறவர் அவர். அவரும் உங்களைப் போன்ற வாடிக்கையாளர்தான்.

நடந்தது எதையும் மறைக்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அதே நேர்மையோடு, 'ஒருமுறை அணிந்தேன், கறை பட்டுவிட்டது, ஏற்றுக்கொள்வீர்களா' என்று நிறுவனத்துக்கும் எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. மறுத்துவிட்டால், அந்த மறுப்பு நியாயமானது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி பிளேசரைக் காப்பாற்றும் வழியைப் பார்ப்போம். உள்பக்கம் தைத்திருக்கும் பராமரிப்புச் சீட்டை முதலில் படியுங்கள். உள்துணியும் விறைப்புத் துணியும் வைத்துத் தைத்த பிளேசர்களைப் பெரும்பாலும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. நீர்த்தொட்டிச் சின்னத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் உலர் சலவைக்குக் கொடுங்கள், கொடுக்கும்போது அது முகப்பூச்சுக் கறை என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏனெனில் கறை எதுவென்று தெரிந்தால்தான் அவர்கள் தக்க கரைப்பானைத் தேர்ந்தெடுக்க முடியும். நனைக்கலாம் என்றிருந்தால், முகப்பூச்சில் எண்ணெய்ப் பசை இருப்பதால், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பில் ஒரு சொட்டை எடுத்து, முதலில் கண்ணுக்குத் தெரியாத உள்மடிப்பில் வைத்து நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு கறையின் மேல் மென்மையாக ஒற்றி, வெதுவெதுப்பான நீரால் அகற்றுங்கள். கறை முழுவதும் போகும் வரை இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவராதீர்கள். சூடு பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடக்கூடும்.

அதன்பின் அந்தப் பிளேசரை நன்றாக அணியுங்கள். வெளிர் மணல் நிறம் இளவேனிலில் எளிதாக இணங்கும் நிறம். வெள்ளை அல்லது வெளிர் நீலப் பருத்தி டி-ஷர்ட், அடர் நீல ஜீன்ஸ், வெள்ளை கேன்வாஸ் காலணி ஆகியவற்றோடு கைகளை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை மடித்துவிட்டுக்கொண்டால், விருந்து உடை போலத் தோன்றியது அன்றாட உடையாகிவிடும். லினன் இழைக்கு மீள்தன்மை குறைவு என்பதால் அது கசங்கத்தான் செய்யும்; அந்தக் கசங்கலை மறைக்க முயலாமல் இருப்பதே அதற்கு அழகு என்பது என் கருத்து. இருபது முறை அணிந்துவிட்டால், அதைத் திருப்பி அனுப்ப நினைத்ததே உங்களுக்கு மறந்துபோகலாம்.

கேள்வி: இளவேனிலுக்காக வாங்கிய பருத்திக் கால்சட்டை முதல் சலவையிலேயே சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: எப்படித் துவைத்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, விடை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நெசவின்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட பருத்தி நூல், நீரும் சூடும் பட்டதும் தளர்ந்து தன் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. சுருக்கம் என்பது பெரும்பாலும் இதுதான். நல்ல தயாரிப்பாளர்கள் துணியை முன்கூட்டியே சுருக்கி எடுத்த பின்பே வெட்டுவார்கள்.

பராமரிப்புச் சீட்டில் நீர்த்தொட்டிச் சின்னத்துக்குள் 30 என்றிருந்தால், நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று பொருள். சதுரத்துக்குள் ஒரு வட்டம் வரைந்து குறுக்கே அடித்திருந்தால், உலர்த்தும் இயந்திரத்தில் போடக் கூடாது. இவற்றைப் பின்பற்றியும் சுருங்கியிருந்தால் குறை பொருளினுடையது. சீட்டையும், ரசீதையும், வாங்கியபோது இருந்த அளவையும் முன்வைத்து எழுத்தில் கேளுங்கள், ஒரு மறுப்போடு விட்டுவிடாதீர்கள். சீட்டே தைக்கப்படவில்லை என்றால் உங்கள் பக்கம் இன்னும் வலுவானது. கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தது நீங்கள் என்றால் கடைக்காரரை விட்டுவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மெதுவாக நீளவாக்கில் இழுத்து, தட்டையாகப் பரப்பி உலர்த்தினால் கொஞ்சம் நீளும். மீதிக்குக் கால் விளிம்பை ஒருமுறை மடித்துவிட்டு, கணுக்கால் தெரிய, தாழ்வான காலணியோடு அணியலாம். இந்தப் பருவத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

கேள்வி: புதிய ஜீன்ஸின் நீலம் என் வெளிர்நிறக் கைப்பையில் ஒட்டிக்கொண்டது. இழப்பீடு கேட்கலாமா?

பதில்: ஜீன்ஸுக்கு நீல நிறம் தரும் இண்டிகோ சாயம் நூலின் மேற்பரப்பில்தான் தங்குகிறது, உள்ளே ஆழமாக ஊறுவதில்லை, உரசினால் ஒட்டும். அடர்நிற ஜீன்ஸ்களின் சீட்டில் இதைப் பற்றி எச்சரிக்கை இருப்பது வழக்கம். எச்சரித்திருந்தால் கேட்க இயலாது. இனி, முதல் சில முறை உள்வெளியாகத் திருப்பி, குளிர்ந்த நீரில் தனியாகத் துவைத்த பின்பே வெளிர்நிறப் பொருள்களோடு அணியுங்கள்.

கேள்வி: காலையில் குளிர், நண்பகலில் வெயில். ஒவ்வோர் இளவேனிலிலும் நிறைய வாங்கி, பாதியை அணியாமலேயே வைத்திருக்கிறேன். விளம்பரங்கள்தான் என்னைத் தூண்டுகின்றன. எதை வாங்குவது?

பதில்: விளம்பரம் தூண்டுகிறது என்பது உண்மை, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துவது உங்கள் விரல் என்பதும் உண்மை. இரண்டாவதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த முறை நிறுத்த முடியும், ஏனெனில் விளம்பரத்தை உங்களால் நிறுத்த இயலாது.

வாங்குவதற்கு முன் அலமாரியைத் திறந்து, அணியாமல் கிடப்பவற்றைக் கட்டிலின் மேல் பரப்பி, ஒவ்வொன்றும் ஏன் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அளவு சரியில்லை, துணி உறுத்துகிறது, இணைத்து அணிய எதுவுமில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். நான் இப்படி எழுதிப் பார்த்தபோது, அளவெடுக்காமல் யூகத்தில் வாங்கியவையே அதிகம் என்று கண்டேன். அன்றிலிருந்து, நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அதன் தோள், மார்பு, நீளம் மூன்றையும் அளந்து, விற்பவர் தரும் அளவு அட்டவணையோடு ஒப்பிட்ட பின்பே வாங்குகிறேன்.

நாளுக்குள் மாறும் வெப்பநிலைக்கு ஒரு கனத்த உடையைவிட மூன்று மெல்லிய அடுக்குகளே ஏற்றவை: உடலை ஒட்டிப் பருத்தி டி-ஷர்ட், அதன் மேல் பொத்தான் திறந்து அணியக்கூடிய மெல்லிய சட்டை அல்லது கார்டிகன், வெளியே காற்றைத் தடுக்கும் இலேசான ஜாக்கெட். அடுக்கு ஒவ்வொன்றும் தனித்து அணிந்தாலும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், ஏனெனில் நண்பகலில் மற்ற இரண்டும் கையில்தான் இருக்கும். இரண்டு அமைதியான நிறங்களும் ஒரு துலக்கமான நிறமும் போதும். கடையில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பாருங்கள், பக்கத் தையலை மெதுவாக இழுத்துப் பாருங்கள், இழை விகிதத்தைப் படியுங்கள். பாலியஸ்டர் மிகுந்த சட்டை வியர்வையை உறிஞ்சாது என்பதால் நண்பகலில் உங்களைச் சோர்வாக்கும்.

தாளில் எழுதிய காரணங்களில் ஒன்றாவது புதிதாக வாங்க நினைக்கும் உடைக்கும் பொருந்துமானால், அதைக் கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள். பரப்பி வைத்தவற்றில் அளவு சிறிது பிசகியவற்றைத் தையற்காரரிடம் கொடுங்கள். உங்களுக்குத் தேவையான ஜாக்கெட் அங்கேயே கிடக்கக்கூடும்.