தொலைந்த ஆட்டை நாய் மோப்பம் பிடித்துத் தேடுமா?

கேள்வி: முப்பது வெள்ளாடும் கொஞ்சம் செம்மறியும் வைத்திருக்கிறேன், புதர்க்காட்டில்தான் மேய்ச்சல். மாலை பட்டியில் அடைக்கும்போது அடிக்கடி ஒன்றிரண்டு குறைகிறது. ஒன்றரை வயதில் ஒரு நாட்டு நாய் இருக்கிறது, ஆடுகளோடு நன்றாகப் பழகும். தொலைந்த ஆட்டின் கழுத்துக்கயிற்றை மோந்து பார்க்க வைத்து "தேடு, தேடு" என்றால் என் முகத்தையே பார்க்கிறது, இல்லையென்றால் முயலைக் கண்டு ஓடிவிடுகிறது. அதட்டினால் படுத்துக்கொள்கிறது. இதைப் பழக்க முடியுமா, இல்லை இதற்கென்று ஜாதி நாய் வாங்க வேண்டுமா ஐயா?

பதில்: வாங்க வேண்டாம். பிளட்ஹவுண்ட், பீகிள் மாதிரி நாய்களைப் பல தலைமுறையாக இந்த வேலைக்கென்றே வளர்த்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் காட்டில் ஒரு ஆட்டைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்கள் நாட்டு நாயின் மூக்கே தாராளம். மெலிந்த உடம்பும் நீளக் காலுமாக, கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய் வகை என்றால் மட்டும் மூக்கைத் தரையில் வைக்கக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுமை வேண்டும். ஆடுகளோடு நன்றாகப் பழகும் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆட்டைக் கண்டதும் பாய்கிற நாய்க்குத் தடம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால், வழிதவறி நிற்கிற ஆட்டுக்கு நாமே ஆபத்தை அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடும்.

சரி, உங்கள் முகத்தை ஏன் பார்க்கிறது? நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். மனித மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் 50, 60 லட்சம் இருக்கும் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கு மேல். மோப்பம் பிடிக்க நாம் அதற்குச் சொல்லித்தர ஒன்றும் கிடையாது. ஆயிரம் வாசனைக்கு நடுவில் இந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் நல்லது கிடைக்கும் என்பதை மட்டும் பழக்க வேண்டும். அதைப் பழக்க, தடம் எங்கே தொடங்கி எப்படித் திரும்பி எங்கே முடிகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆடு தொலைந்த அன்று அது உங்களுக்கும் தெரியாது. நாய் சரியாகப் போகிறதா இல்லையா என்று தெரியாமலே அதட்டுகிறீர்கள். ஒருவேளை சரியான தடத்தில் நின்றபோதே அது அதட்டு வாங்கியிருக்கலாம், அப்புறம் படுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும். அதனால் முதலில் இரண்டு விஷயம்: பழக்கி முடிகிற வரை நிஜத் தேடலுக்கு நாயைக் கூட்டிப்போகாதீர்கள், தடத்தில் இருக்கும்போது ஒரு தடவைகூட அதட்டாதீர்கள்.

தடம் என்பது உடம்பு வாசனை மட்டுமில்லை. மிதிபட்டு நசுங்கிய புல், கிளறிய மண், உதிர்ந்த தோல்துகள், மயிர் எல்லாம் சேர்ந்ததுதான் நாய்க்குத் தடம். செம்மறிக்குக் குளம்புப் பிளவுக்கு நடுவில் ஒரு சுரப்பி உண்டு, நடக்க நடக்க வாசனையை மண்ணில் வைத்துக்கொண்டே போகும். வெள்ளாட்டுக்கு அது கிடையாது, ஆனாலும் உரசிப்போன புதர், சிறுநீர், புழுக்கை என்று போதுமானது இருக்கும். ஈரப்பதமான, குளிர்ந்த, காற்று மெல்ல வீசுகிற நேரத்தில் வாசனை தரையை ஒட்டி நிற்கும். அதிகாலையும் சாயங்காலமும் நல்லது. உச்சி வெயிலில் காய்ந்த தரையில் சீக்கிரம் போய்விடும், பெருங்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும், தூறல் பரவாயில்லை, அடைமழை கழுவிவிடும். பழக்கத் தொடங்கும்போது காலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் அதிகம் வேண்டாம். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டினால் நாய் இழுக்கும்போது குரல்வளை நெரியும், தலையும் மேலே தூக்கும். மார்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னஸ் வாங்கிக்கொள்ளுங்கள். 5 முதல் 10 மீட்டர் கயிறு, கையை அறுக்காத பருமனில். ஹார்னஸைத் தட வேலைக்கு மட்டும் போடுங்கள், சும்மா நடக்கும்போது கழுத்துப்பட்டை போதும். கொஞ்ச நாளில் ஹார்னஸை எடுத்தாலே நாய்க்கு வேலை என்று தெரிந்துவிடும். அப்புறம் வேகவைத்த கறித்துண்டு, விரல் நகம் அளவுக்கு. நாய் வயிறு நிறைந்திருக்கும்போது தொடங்காதீர்கள்.

முதல் தடத்தை ஆட்டை வைத்துப் போட வேண்டாம், உங்கள் காலடியே போதும். அன்று காலை ஆளோ ஆடோ நடக்காத இடமாக, கணுக்கால் உயரப் புல்தரையாகப் பாருங்கள். நாயை அது பார்க்க முடியாத இடத்தில் கட்டிவிட்டு, ஒரு மீட்டர் சதுரத்தை நன்றாக மிதித்துக் கறித்துண்டுகளைத் தூவுங்கள். அங்கிருந்து, காற்று முதுகில் படுகிற மாதிரி நேராக, சின்னச் சின்ன அடியாக 20, 25 அடி நடங்கள், ஒவ்வொரு காலடியிலும் ஒரு துண்டு. காற்று எதிரே இருந்தால் கடைசியில் வைத்திருக்கிற தீனியின் வாசனை நேராக மூக்குக்கு வந்துவிடும், நாய் தரையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே ஓடும், அதில் அது கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. முடிவில் ஒரு பழைய துணியைப் போட்டு அதன்மேல் ஒரு கை நிறையத் தீனி. திரும்பி வரும்போது வந்த வழியிலேயே வராதீர்கள், பக்கவாட்டில் எட்ட விலகிப் பெரிய வட்டம் அடித்து வாருங்கள். வந்த தடமும் போன தடமும் ஒன்றாகக் கிடந்தால் நாய் எதைப் பிடிக்கும்?

ஐந்து பத்து நிமிடம் கழித்து ஹார்னஸ் போட்டு மிதித்த சதுரத்துக்குக் கூட்டிவந்து, மூக்கு தரையில் இறங்கியதும் ஒரே ஒரு தடவை "தேடு" என்று சொல்லுங்கள். இதுவரை அதட்டலோடு சேர்ந்து வந்த சொல் என்றால் வேறு ஏதாவது சொல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடங்கள். விரலை நீட்டிக் காட்டுவது, முன்னால் போவது, "அங்க பாரு" என்பது எதுவும் வேண்டாம். துணியை அடைந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சலாம். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ தடம் போதும், வாரத்தில் மூன்று நான்கு நாள், ஒவ்வொரு தடவையும் புது இடம். நாய்க்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

இதற்குமேல் கூட்டிக்கொண்டு போவதில் ஒரே விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குவது. நீளத்தைக் கூட்டுகிற நாளில் வளைவு வேண்டாம், பழைய தடம் பழக்குகிற நாளில் நீளம் வேண்டாம். தீனியை இரண்டு அடிக்கு ஒன்று, ஐந்து அடிக்கு ஒன்று, அப்புறம் கணக்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றும் என்று குறையுங்கள். வளைவை முதலில் அகலமாக வையுங்கள், திரும்பியவுடன் நாலைந்து காலடிக்குத் துண்டு வைத்தால் திரும்பியது லாபம் என்று அதற்குத் தெரியும். தடத்தின் வயதை அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று ஏற்றுங்கள். மதியம் பிரிந்த ஆட்டை மாலை பட்டியடைக்கும்போதுதானே கவனிக்கிறீர்கள், அதனால் நாலைந்து மணி நேரப் பழைய தடம் வரை கொண்டுவந்தால்தான் உங்களுக்குப் பிரயோஜனம். ஒரு வாரத்தில் நடக்கிற வேலை இல்லை, சில மாதம் ஆகும்.

தடம் மறக்காமலிருக்கக் குச்சி நட்டு வைப்பது நல்லதுதான், ஆனால் நாய் குச்சிக்குக் குச்சி போகக் கற்றுக்கொள்ளும், நாம் அதை மோப்பம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்போம். குச்சியைத் தடத்திலிருந்து எட்ட நடுங்கள், சீக்கிரமே மரம், பாறை என்று கண் அடையாளத்துக்கு மாறிவிடுங்கள். நாய் தேறியதும் வேறொருவரைத் தடம் போடச் சொல்லி, அவர் உங்களுக்குப் பின்னால் பேசாமல் நடந்து வரட்டும், வழி உங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் உங்கள் கை தன்னையறியாமல் கயிற்றைத் திருப்பும், நாய் அதைத்தான் பின்பற்றும்.

இப்போது உங்கள் பாடம். நாய் தடத்தில் இருக்கும்போது எப்படி இருக்கிறது, தடத்தை விட்டதும் என்ன மாறுகிறது என்று பார்க்கப் பழகுங்கள், நிஜத் தேடலில் உங்களிடம் இருக்கப்போவது இந்த ஒரு அறிவுதான். பெரும்பாலும் தடத்தில் இருந்தால் தலை தாழ்ந்திருக்கும், நடை சீராக இருக்கும், கயிற்றின் இழுப்பும் ஒரே மாதிரி இருக்கும். விட்டுவிட்டால் தலை நிமிரும், வேகம் மாறும், அரைவட்டம் போடும். அந்த இடத்தில் நீங்கள் நின்றுவிட வேண்டும். கயிற்றை விட்டுக்கொடுத்து அது சுற்றித் தேட இடம் கொடுங்கள், பிடித்துவிட்டால் இழுப்பிலேயே தெரியும். நார்வே ஆராய்ச்சியாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாய் முதலில் தடத்தைத் தேடுகிறது, கிடைத்ததும் வேகத்தைக் குறைத்து எந்தத் திசை என்று தீர்மானிக்கிறது, அப்புறம்தான் தொடர்கிறது என்று கண்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு அது எடுத்துக்கொண்டது 3 முதல் 5 நொடி, முகர்ந்தது இரண்டு முதல் ஐந்து காலடி. அந்த நேரம் பார்த்து நாம் "போ, போ" என்று தள்ளினால் திசையே மாறிப்போகும். ரொம்ப நேரம் திணறினால் கடைசியாக உறுதியாகப் போன இடத்துக்குத் திரும்பி அங்கிருந்து விடுங்கள்.

உங்கள் காலடியை நன்றாகத் தொடர்கிறது என்றானதும் ஆட்டுக்கு மாறலாம். ஆட்டைக் கயிற்றில் பிடித்து நடத்தித் தடம் போட்டால் நாய் பிடித்தவரின் காலடியையே தொடரும், ஏனென்றால் இதுவரை அதைத்தானே பழக்கியிருக்கிறோம். அதற்கு ஒரு வழி, பட்டியில் ஆடு படுத்த சாக்கை ஒரு நீளக் கயிற்றின் நடுவில் கட்டி, ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்து எட்ட எட்ட நடந்து இழுத்துப் போவது. சாக்கின் தடம் நடுவில், மனிதத் தடம் இரண்டு பக்கமும் தள்ளி. முடிவில் அந்தச் சாக்கும் தீனியும். இது பிடிபட்டதும் மேய்ச்சலில் ஆடுகள் தானாக நடந்துபோன வழியை மறைந்திருந்து பார்த்து வைத்துக்கொண்டு, மந்தை தாண்டிப்போன பிறகு நாயை விடுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆட்டின் வாசனையை மட்டும் பிரித்துப் பிடிக்க வைப்பது இதற்கும் மேலே ஒரு படி, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கயிறு பலர் கையில் பட்டு, மற்ற ஆடுகளும் உரசியது என்றால் அதில் எல்லார் வாசனையும்தான் இருக்கும். அந்த ஆட்டுக்கு மட்டுமே போட்ட கயிறாக இருந்து, சுத்தமான பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி வைத்திருந்தால்தான் பயன்.

முயல் விஷயத்துக்குத் தனிப் பாடம் கிடையாது. நீளக் கயிறு இருக்கிறது, ஓட முடியாது. நீங்கள் பேசாமல் நின்று, அது மறுபடி தரைக்கு மூக்கைக் கொண்டுவந்ததும் தொடருங்கள், கொஞ்ச தூரத்தில் தீனி கிடைக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

நிஜமாகவே ஆடு தொலைந்த அன்று பட்டியிலிருந்து தொடங்காதீர்கள். பட்டியைச் சுற்றி எல்லா ஆட்டுத் தடமும் குழம்பிக் கிடக்கும். முதலில் மந்தையை வீடு சேர்த்துவிடுங்கள், நாலு பேர் நாலு பக்கம் கூப்பிட்டுக்கொண்டு ஓடி மிதிக்க வேண்டாம். அந்த ஆட்டைக் கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் போங்கள். அதுவும் தெரியாவிட்டால் மந்தை மேய்ந்த பகுதிக்கு வெளியே பெரிய வட்டமாக நாயை நடத்திச் செல்லுங்கள். மந்தை வந்த வழி, திரும்பிய வழி தவிர வட்டத்தை வெட்டி வெளியே போகிற தடம் ஏதாவது இருந்தால், அது பெரும்பாலும் நீங்கள் தேடுகிற ஆடுதான். ஆடு பக்கத்தில் இருந்தால் நாய் தரையை விட்டுத் தலையைத் தூக்கிக் காற்றுக்கு எதிராக இழுக்கும், அப்போது கயிற்றைப் பிடித்தபடியே அது இழுக்கிற பக்கம் போங்கள், அது தப்பில்லை. ஆடு கண்ணில் பட்டதும் நாயைப் படுக்க வைத்துத் தீனி கொடுத்து, நீங்கள் மட்டும் போய்ப் பிடியுங்கள். சினையாட்டைத் துரத்தவிட்டால் கரு கலையக்கூடும். தேடல் முழுக்கக் கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கிற நாய்க்கு மோப்பம் சரியாக வராது, நிறுத்தித் தண்ணீர் கொடுத்து நிழலில் விடுங்கள். மருந்தடித்த வயலில் தடம் போட வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அந்த நாட்களில் நாய் தடுமாறினால் குறை சொல்லாதீர்கள். வெடிபொருள் தேடும் நாய்களில் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில் அந்த மருந்து சில நாய்களின் மோப்பத்தைக் குறைத்தது தெரிந்தது.

கடைசியாக, தீனிக்கு ஆட்டின் பச்சைக் குடல், ஈரல், நுரையீரல், தலை எதையும் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் நீர்க்கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சலில் விழுந்து, ஆட்டுக்கு ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வரும். மூளையில் கட்டி வைக்கிற இன்னொரு வகையும் உண்டு, அதில் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈரல் கட்டி மனிதருக்கும் வரும், நாயைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. கறியை நன்றாக வேகவைத்தே கொடுங்கள், 3 மாதத்துக்கு ஒரு முறை பிராசிகுவாண்டெல் குடற்புழு மருந்தை நாயின் எடைக்கேற்பக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள், வெறிநோய்த் தடுப்பூசியும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.