தெளிவு திரும்பும் நாட்கள்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு வயது 21. சென்ற ஆண்டு அவனுக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் கூறினார். இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மூன்று வாரங்களுக்கு முன் வீடு திரும்பினான். காதில் குரல்கள் கேட்பது நின்றுவிட்டது. குணமாகிவிட்டான் என்று உறவினர்கள் மகிழ்கிறார்கள். அவனோ, உடன் படித்தவர்களின் பட்டமளிப்பு விழாப் படங்களைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருக்கிறான். இந்நோய் உள்ள இளைஞர்கள் தற்கொலை செய்துகொள்வதுண்டு என்று படித்தேன். இது தவிர்க்க முடியாததா? அவனிடமே கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே உண்டாக்கிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தவிர்க்க முடியாதது அல்ல. மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று ஆய்வுகள் கணிக்கின்றன. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம். ஆயினும் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு இறப்பதில்லை. அந்த 5 பேரின் இறப்பும் வாழ்நாள் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே மிகுதியாக நிகழ்கிறது. நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதிக்கும் இருபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையில் தலைகாட்டுவதால், அவர்களில் பலர் இளைஞர்களாக இருக்கிறார்கள்.

நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆபத்து என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சாகச் சொல்லும் குரல்களும், யாரோ துரத்துகிறார்கள் என்ற அச்சமும் ஆபத்தானவையே. ஆனால் எந்தக் கடும் மனநோயாயினும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் தற்கொலை அபாயம் மிக உயர்ந்திருக்கிறது. குரல்கள் அடங்கியதும் மனம் தெளிகிறது. தெளிந்த மனம் முதலில் காண்பது, தான் இழந்த ஓராண்டையும், தன்னைக் கடந்து சென்றுவிட்ட நண்பர்களையும், இனி என்ன ஆவேன் என்ற கேள்வியையும்தான். நோய்க்கு முன் நன்றாகப் படித்து, தன்னிடம் நிறைய எதிர்பார்த்திருந்தவர்களை இந்த உணர்வு கடுமையாகத் தாக்குகிறது. அதே வாரங்களில்தான் வீட்டார், ஆபத்து நீங்கியது என்று கண்காணிப்பைத் தளர்த்துகிறார்கள். என் இளமைக்கால நண்பன் ஒருவன் அப்படித் திரும்பி வந்தபோது, அவன் அமைதியைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அவனை நாங்கள் இழந்துவிட்டோம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுதுவதற்கு அதுவே காரணம்.

அவனிடம் கேளுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘தப்பாக ஒன்றும் யோசிக்கவில்லையே?’ என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்ற பதிலைக் கேள்வியே அவன் வாயில் வைத்துவிடும். ‘செத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் அதிர்ந்து அறிவுரை சொல்லாமல், முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படி, எப்போது என்றெல்லாம் அவன் யோசித்திருந்தால், அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இல்லை என்றே சொன்னாலும், அவனது மௌனத்தை மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். மனச்சிதைவை அடுத்து வரும் மனச்சோர்வு தனியாகக் கவனித்துச் சிகிச்சை அளிக்கத்தக்கது. அதைச் சோம்பல் என்றோ மருந்தின் மந்தம் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. அபாயம் மிகுந்தவர்களிடம் குளோசபின் என்ற மருந்து தற்கொலை முயற்சிகளைக் குறைப்பது 2003-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில் தெரியவந்தது. அது உங்கள் தம்பிக்குத் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இப்போதைய மருந்தை, தேறிவிட்டான் என்று யாரும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளும் பூட்டிய பெட்டியில், உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையை விட்டுச் சென்றபின் தொடர் சிகிச்சையை மறுத்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில வரிக் கடிதங்களை அனுப்பி வந்தார். நலம் விசாரித்ததைத் தவிர அவற்றில் எதுவும் கோரப்படவில்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. பழைய நண்பர்களில் ஒருவரேனும் அவனுக்கு அப்படி எழுதச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படங்களை அவனிடமிருந்து மறைக்க வேண்டாம். அடுத்த முறை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அமருங்கள். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.