கிளை ஆடுவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் அமெரிக்க எழுத்தாளர் ஜான் நோல்ஸின் 'எ செபரேட் பீஸ்' நாவலை (1959) வாங்கிப் படித்தேன். நான் பள்ளி ஆசிரியை. விடுதிப் பையன்களின் சண்டையும் சிநேகமும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் கதையைச் சொல்லும் ஜீனை என்னால் மன்னிக்க முடியவில்லை. உயிருக்குயிரான நண்பன் நிற்கும் மரக்கிளையை ஆட்டி அவன் காலை முறித்துவிடுகிறான். பொறாமை ஒருவனை இவ்வளவு தூரம் கொண்டுபோகுமா? அப்புறம், இந்தக் கதைக்கு இரண்டாம் உலகப் போர் எதற்கு? எந்தக் காலத்து விடுதியிலும் நடக்கக்கூடியதுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கிளை ஆடுவதற்குச் சற்று முன் நடப்பதை மறுபடி படித்துப் பாருங்கள். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஜீன் படிப்பில் கெட்டி, அவன் அறைத்தோழனான அந்த நண்பன் ஃபின்னி விளையாட்டில். ஒரு நாள் ஃபின்னி, பயிற்சியே இல்லாமல், பள்ளியின் நீச்சல் சாதனையை முறியடிக்கிறான். பார்த்தவன் ஜீன் மட்டும்தான். எல்லோர் முன்னாலும் நாளைக்கு நீந்து என்றால் மாட்டேன் என்கிறான், யாரிடமும் சொல்லாதே என்கிறான். ஜெயித்துவிட்டு மார்தட்டுகிறவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஜெயித்ததை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாதவனோடு எப்படி ஒரே அறையில் இருப்பது? கடைசியில் ஜீன் தானாக ஒன்றை முடிவுகட்டுகிறான்: கடற்கரைக்கும் மரத்துக்கும் ஃபின்னி தன்னை இழுத்துக்கொண்டு அலைவதெல்லாம் தன் மதிப்பெண்ணைக் கெடுக்கத்தான். இந்த நினைப்பு அவனுக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. அவனுக்கும் வயிறு எரிகிறது, எனக்கும் எரிகிறது, சரிக்குச் சரி என்று.

பிறகு அந்த மாலை. பிரெஞ்சுப் பரீட்சைக்கு ஜீன் படித்துக்கொண்டிருக்கிறான். கூடப் படிக்கும் லெப்பர் இன்றைக்கு மரத்திலிருந்து ஆற்றில் குதிக்கப்போகிறான், வா என்று ஃபின்னி வந்து கூப்பிடுகிறான். ஜீன் எரிந்து விழுகிறான். ஃபின்னிக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் படிக்காமலே எல்லாம் வந்துவிடும் என்றல்லவா நினைத்தேன், படிக்க வேண்டுமென்றால் இருந்து படி என்கிறான். ஃபின்னிக்குத் தன்மேல் பொறாமையே இருந்ததில்லை என்பது அப்போதுதான் ஜீனுக்கு விளங்குகிறது.

கொஞ்ச நேரத்தில் கிளை ஆடுகிறது.

நண்பன் தனக்கு எதிரி என்று நம்பிய நாட்களில் ஜீன் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. எதிரி இல்லை என்று தெரிந்த பிறகே செய்கிறான். போட்டி இருந்தவரை இருவரும் ஒரே உயரம். போட்டியே இல்லையென்றால் இத்தனை நாளும் மனசில் அழுக்கைச் சுமந்தவன் தான் ஒருவன்தான் என்றாகிவிடுகிறது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை என்று நான் நினைக்கிறேன். முழங்கால் மடங்கியது, கிளையை உலுக்கினேன் என்று மட்டுமே ஜீன் நமக்குச் சொல்கிறான். காரணம் சொல்லாமல் நோல்ஸ் அங்கே நிறுத்திக்கொண்டது பெரிய விஷயம்.

அதன் பிறகு ஜீன் ஃபின்னியின் உடைகளைப் போட்டுக்கொண்டு, அந்த இளஞ்சிவப்புச் சட்டையோடு கண்ணாடி முன் நிற்கிறான். அச்சு அசல் ஃபின்னி போலவே தெரிகிறான், மனசு லேசாகிறது. அவனாகவே ஆகிவிட வேண்டும் என்ற ஆசைதான் பொறாமைக்கு அடியில் கிடந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் இந்த இடம் வரவில்லை. எனக்கு இதைத் தாண்டிப் போக முடிந்ததே இல்லை.

இனி போர். கதை 1942 கோடையில் தொடங்குகிறது. மேல்வகுப்பு மாணவர்களைப் போருக்குத் தயார்செய்யும் உடற்பயிற்சியில் இந்த மரத்திலிருந்து ஆற்றில் குதிப்பதும் ஒன்று. டார்பிடோ தாக்கிய கப்பலிலிருந்து குதிப்பதைப் போல என்று சொல்லித்தான் ஃபின்னியும் மற்றவர்களைக் குதிக்க வைக்கிறான். ஆக, அவன் விழும் மரமே போர் கொண்டுவந்து நிறுத்திய மரம். அந்த நவம்பரில் அமெரிக்கா கட்டாய ராணுவச் சேர்க்கைக்கான வயதை 20லிருந்து 18ஆகக் குறைத்தது. கதை தொடங்கும்போது ஜீனுக்கும் ஃபின்னிக்கும் 16 வயது. உனக்கு எதிரி உண்டு, அவனை வெறுக்கக் கற்றுக்கொள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, யாரையும் எதிரியாக நினைக்கத் தெரியாத ஒருவனை நோல்ஸ் நடுவில் நிறுத்துகிறார். போருக்குப் போனால் நீ எதிரிப் பக்கம் போய் அவர்களோடு பேஸ்பால் ஆடிக்கொண்டிருப்பாய் என்று ஜீன் அவனிடம் கடைசியில் சொல்கிறானே, போரே இல்லாத கதையில் அந்தப் பேச்சுக்கு ஏது இடம்?

நீங்கள் ஜீனை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சந்திப்பில் ஃபின்னி கேட்பதைக் கவனியுங்கள். என்மேல் உனக்கிருந்த வெறுப்பால் செய்ததில்லையே என்கிறான். இல்லை என்கிறான் ஜீன். ஃபின்னி நம்பிவிடுகிறான். ஜீன் சொன்னது முழு உண்மைதானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்