பூடான் எப்படிப்பட்ட நாடு, வருமானம் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே இமயமலையில் இருக்கும் சின்ன நாடு பூடான். மக்கள்தொகை 8 லட்சத்தைத் தொடாது. தலைநகர் திம்பு. 2008இல் அரசியலமைப்பு வந்து, முழு மன்னராட்சி, மன்னரும் இருக்கும் நாடாளுமன்ற முறைக்கு மாறியது. இதை மக்கள் போராடிக் கேட்கவில்லை, மன்னரே முன்னின்று கொண்டுவந்தார். 65 வயதானால் மன்னர் பதவி விலக வேண்டும், நிலப்பரப்பில் 60 சதவீதம் என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று அந்த அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது.

வருமானம் என்றால் முதலில் தண்ணீர்தான். வாங்சூ ஆற்றில் இந்திய உதவியோடு கட்டிய சுக்கா (336 மெகாவாட்), தாலா (1,020 மெகாவாட்) நீர்மின் நிலையங்களின் மின்சாரம் இந்தியாவுக்கு விற்பனையாகிறது. ஆனால் குளிர்காலத்தில் ஆற்றில் நீர் குறையும்போது பூடானே இந்தியாவிடம் மின்சாரம் வாங்குகிறது! அதன் பணமான ஙுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமம். எல்லை ஊரான புன்ட்ஷோலிங் கடைகளில் நம் நோட்டையே கொடுக்கலாம். அப்புறம் சுற்றுலா, விவசாயம்.

பூடானுக்கு இருக்கும் ‘மகிழ்ச்சியான நாடு’ என்ற பெயரை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் லோட்ஷம்பா மக்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, நேபாள அகதி முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். இப்போது படித்த இளைஞர்கள் வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.