வாசல் வழியே போகிற நாயனத்தை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: ஐயா, பத்து வருஷம் வெளிமாநிலத்தில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் மன்னார்குடிக்குத் திரும்பினோம். இசையை நேரில் உட்கார்ந்து கேட்க ஆசை. ஆராதனைக்குத் திருவையாறு போனோம். கூட்டத்தில் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. பிறகு ஒரு பெரிய இன்னிசைக் கச்சேரிக்கு விலை கூடிய டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தோம். வார்த்தை புரியவில்லை, இரண்டு நாள் காதில் ஒரே இரைச்சல். எங்கே போவது, எந்த இடத்தில் உட்காருவது? ஏழு வயதுப் பையனையும் எழுபது வயது மாமியாரையும் கூட்டிப் போகலாமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கத்துக் கோயில்களிலும் மண்டபங்களிலும் மைக் செட் போடுகிறவன் நான். உங்கள் காது இரைச்சலில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம் என்று இறங்கி, 100 டெசிபலுக்கு வரும்போது 15 நிமிஷம்தான். மேடைக்குக் கீழே அடுக்கிய பேஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் 100 என்பது சர்வ சாதாரணம். நீங்கள் அங்கே கச்சேரி முழுக்க இருந்திருக்கிறீர்கள். இரைச்சல் தானாக அடங்கியது நல்லதுதான். ஆனால் உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. மறுபடி இரைச்சல் வந்து நிற்காமல் போனாலோ, ஒரு பக்கம் திடீரென்று அடைத்துக்கொண்டாலோ, காத்திருக்காமல் காது டாக்டரைப் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான நுரை அடைப்பான் போதும். விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். வெறும் பஞ்சு வைப்பது மனசுக்குத்தான் சமாதானம்.

சரி, முன்வரிசையில் வார்த்தை ஏன் புரியவில்லை? பாடகர் குரல் வருகிற பெட்டிகள் மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் கூட்டத்தின் நடுவைப் பார்த்து நிற்கும். முன்வரிசைக்காரர்கள் தலைக்கு மேலேயே அந்தக் குரல் போய்விடும். அவர்களுக்குக் கிடைப்பது தரையில் இருக்கிற பேஸ் பெட்டியும், மேடையிலிருந்து நேராக வருகிற டிரம்ஸும்தான். மைதானத்தின் நடுவில் மிக்ஸர் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், பார்த்திருப்பீர்கள். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் திருகி வைப்பார். அந்த மேசைக்கு முன்னாலோ பக்கத்திலோ இடம் பிடியுங்கள். பெரும்பாலும் அது நடுத்தர விலை டிக்கெட்டாகத்தான் இருக்கும். முகம் பார்க்க முன்வரிசை, பாட்டுக் கேட்க நடு வரிசை.

கல்யாண மண்டபத்தில் மட்டும் இது தலைகீழ். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் சத்தத்தை எதிரொலித்துக்கொண்டே இருக்கும். பின்னால் போகப் போகக் குழம்பிவிடும். அங்கே மேடைக்குப் பக்கமாகவே உட்காருங்கள், பெட்டிக்கு நேர் எதிரில் மட்டும் வேண்டாம்.

திருவையாற்றுக்கு வருவோம். நீங்கள் போனது பஞ்சரத்தினம் பாடுகிற நாளாக இருக்க வேண்டும். தியாகராஜ சுவாமிகள் 1847 ஜனவரி 6-ல் மறைந்த அந்தப் புஷ்ய பகுள பஞ்சமித் திதியில், அவர் சமாதிக்கு முன்னால் பாடகர்கள் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராகங்களில் அமைந்த ஐந்து கீர்த்தனைகளையும் சேர்ந்து பாடுவார்கள். சுமார் ஒரு மணி நேரம். அது கச்சேரியே அல்ல, அஞ்சலி. நூற்றுக்கணக்கான குரல்களுக்கு மைக் வைத்துத் துல்லியம் கொண்டுவர எந்த மைக் செட்காரனாலும் முடியாது. அந்தக் கூட்டத்துக்குள் நானும் ஒரு குரலாக இருந்தேன் என்பதற்காகப் போக வேண்டும். கேட்பதற்கென்றால் மற்ற நாட்களின் சாயங்காலம் போங்கள். ஒருவர் இறங்க அடுத்தவர் ஏறுவார், ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான்; வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல் என்று மாறிக்கொண்டே இருப்பதால் உங்கள் பையனும் சலிக்காமல் இருப்பான். டிக்கெட் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினால் 13 கிலோமீட்டர்தான். திதிப்படி வருவதால் தேதி வருஷா வருஷம் மாறும். பொங்கலுக்கு முன்னும் வரும், பின்னும் வரும். காவிரிக்கரைப் பனி மாமியாருக்கு ஆகாது, ஒரு போர்வையும் கீழே விரிக்க ஜமக்காளமும் எடுத்துப் போங்கள்.

இதையெல்லாம் எழுதும்போதே எனக்கு ஒரு சிரிப்பு. மன்னார்குடியில் வீட்டை வைத்துக்கொண்டு இசைக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களே! ராஜகோபால சுவாமிக்குப் பங்குனியில் 18 நாள் உற்சவம். சுவாமி புறப்பாடு என்றால் முன்னால் நாயனமும் (நாகஸ்வரம்தான்) தவிலும் போகும். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசித்துப் புறப்படுகிற அந்த முதல் பத்து நிமிஷத்துக்கு ஈடாக எந்த ஸ்பீக்கரிலும் என்னால் ஒன்றும் தர முடிந்ததில்லை. நாயனம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். இங்கே பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் இதற்குக்கூட மைக் வேண்டுமென்று அணசுக்கு (நாயனத்தின் அகன்ற வாய்க்கு) நேராக ஒன்றை நீட்டி வைத்தேன். நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்தாமலே கண்ணால் முறைத்தார். எடுத்துவிட்டேன்.

இதற்கும் நிற்கிற இடம் முக்கியம். மேளத்தை ஒட்டி நடந்தால் தவில்தான் காதைப் பிளக்கும். முப்பது, நாற்பதடி தள்ளி, அணசு பார்க்கிற திசைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். சுவாமி வீதி முனையில் நிற்கும்போதுதான் ராகத்தை எடுத்து விஸ்தாரமாக வாசிப்பார்கள், நடக்கும்போது அல்ல. அதனால் ஊர்வலத்தின் பின்னால் ஓடாமல், முன்கூட்டியே ஒரு முனையில் ஏதாவது திண்ணையைப் பிடித்து மாமியாரை உட்கார வைத்துவிடுங்கள். ராத்திரி ஆக ஆக வேடிக்கை பார்க்கும் கூட்டம் கரையும், கேட்கிற கூட்டம் மட்டும் மிஞ்சும். வாசிப்பும் அப்போதுதான் சூடு பிடிக்கும். நல்ல இடத்தில் 'பலே' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அடுத்த பிடி உங்களுக்காகவே வரும்.

திருவாரூரும் உங்களுக்குக் கிட்டத்தான். தியாகராஜ சுவாமிகள், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேரும் பிறந்த ஊர். அங்கே தியாகராஜர் என்ற பெயரில் இருக்கிற சிவன் கோயிலில் சாயரட்சை (சாயங்கால பூஜை) நேரத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். கருங்கல் மண்டபத்தில் ஓதுவார் குரல் எப்படி நிற்கிறது என்று கேட்டால், நான் ஏன் மண்டபச் சுவர்களைத் திட்டினேன் என்பது புரியும். கல்லும் எதிரொலிக்கத்தான் செய்யும். ஆனால் தேவாரத்தை நீட்டிப் பாடும்போது அந்த எதிரொலி கூட வந்து சேர்ந்துகொள்ளும். வேகமான டிரம்ஸோடு அது சண்டைதான் போடும்.

பையனைப் பற்றிக் கேட்டீர்கள். புறப்பாட்டுக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். பெரிய இன்னிசைக் கச்சேரி என்றால், காதை முழுதாக மூடுகிற ஹெட்போன் மாதிரியான காப்பு ஒன்று வாங்கி மாட்டுங்கள். பிள்ளைகளுக்கு நுரை அடைப்பான் சரியாக உட்காராது. சபா கச்சேரிக்குப் போனால் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காப்பிக்குப் போகிற பழக்கம் வேண்டாம், மிருதங்கக்காரர் அதற்காகத்தான் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறார்.

அப்புறம், ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருக்கிறது, விழாக்களுக்கென்று சில நாள் அரசு 12 மணி வரை அனுமதி தரலாம். ஆனால் எட்டு மணிக்கே சத்தம் தாங்கவில்லை என்றால், போலீஸுக்குப் போன் போடுவதற்கு முன்னால் மிக்ஸர் மேசைக்கு நடந்து வந்து, "தம்பி, குரல் கேட்கலை, பேஸைக் கொஞ்சம் குறையேன்" என்று சொல்லிப் பாருங்கள். "சத்தத்தைக் குறை" என்றால் எங்களுக்குக் கோபம் வரும். "குரல் கேட்கலை" என்றால் உடனே கை திருகிக்குப் போய்விடும்.